அடுத்த வருடத்துச் சான்றிதழ்

மதுரையில் இருந்த அந்தப் பெண்கள் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தில் பதினொன்றாவது கேள்வி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: மாணவி பள்ளியில் ஈடுபட்ட விளையாட்டு, சாரணியம், கலை, சமூகத்தொண்டு ஆகியவற்றின் விவரம், சான்றுகளை நேர்காணலுக்குக் கொண்டுவர வேண்டும். கேள்விக்குக் கீழே நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். அது 1960, மே மாதம். எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த வாரம்.

முதல் பத்துக்கும் ஒரே உட்காரலில் பதில் எழுதினேன். பதினொன்றில் பேனா நின்றது. எனக்கு ஓட வராது. வளையப் பந்து ஆட்டத்தில் இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. பாட்டு வகுப்பில் என்னைச் சுருதிப்பெட்டிக்குத் துருத்தி போட உட்காரவைத்திருந்தார்கள். அதுவும் நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக. நான்கு கோடுகளில் எதை நிரப்புவது என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குத் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, படிக்கப் போகிற பிள்ளையிடம் படிப்பைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டிருக்கிறார்களே என்றார்.

அவர் என்னைப் படிக்கவைக்க மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அன்று சாப்பாட்டின்போது அதை இன்னொரு முறை சொன்னார்.

"சீட்டுக்காக யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன். லிஸ்ட்ல பேரு வந்தா அனுப்புறேன். வரலைன்னா அதப் பத்தி இந்த வீட்ல பேச்சு கெடையாது."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்த நாளில் எங்கள் ஊரான விருதுநகரில் பெண்களுக்குக் கல்லூரி இல்லை. மதுரைக் கல்லூரியில் பி.யு.சி. இடமும் விடுதியும் சேர்ந்து கிடைத்தால்தான் எனக்கு மேற்படிப்பு. கிடைக்காவிட்டால் அடுத்த தை மாதத்துக்குள் என்னை எங்கிருந்து பெண் பார்க்க வருவார்கள் என்பதுகூட வீட்டில் பாதி பேசி முடித்த விஷயம்.

கணக்கைத் தவிர எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் கணக்கு இருந்த இருப்புக்கு, அந்த நான்கு கோடுகள்தான் என்னைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் நம்பினேன். என்னிடம் எழுத இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று பிடியரிசி. மற்றது பங்குனிப் பொங்கலின் தண்ணீர்ப் பந்தல்.

பிடியரிசி எங்கள் ஊருக்குப் பழைய வழக்கம். உலை வைக்கும்முன் வீட்டுப் பெண் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள். வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து வாங்கிக்கொண்டு போகும். ஊரில் பள்ளிக்கூடம் எழும்பியதே அப்படி வந்த அரிசியால்தான் என்று சொல்வார்கள். எங்கள் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தொடங்கியபோது தலைமையாசிரியை அந்தப் பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டார். தெருவுக்கு இரண்டு மாணவிகள், வெள்ளிக்கிழமை காலை, பள்ளி மணி அடிக்குமுன். எங்கள் தெருவுக்கு நானும் என் வகுப்புத் தோழியும். அவள் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். நான் பையைப் பிடிப்பேன், அவள் வாசலில் நின்று கூப்பிடுவாள். அவள் குரல் நான்கு வீடு தள்ளிக் கேட்கும்.

மூன்று வருடம் இதைச் செய்தோம். எனக்கு நினைவிருப்பது புண்ணியம் அல்ல, கைகள். ஒவ்வொரு வீட்டுப் பிடியும் ஒவ்வோர் அளவு. எண்ணெய்ச் செட்டியார் வீட்டு மருமகளுக்கு விரல்கள் நீளம்; அவள் பிடி இரண்டு பிடி. மூன்று வீடு தள்ளி ஒரு பெரியம்மா, தினமும் தன் நான்கு வயதுப் பேத்தியின் கையால்தான் போட வைப்பாள். பிள்ளைக்குத் தர்மம் பழக வேண்டும் என்பாள். தோழி வெளியே வந்ததும், பிள்ளை வளர்ந்தாலாவது பிடி வளரும், பொறுத்திருப்போம் என்பாள்.

தண்ணீர்ப் பந்தல் வருடத்துக்கு ஒரு நாள்தான். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் தார் ரோட்டில் வெறுங்காலோடு வருவார்கள். நாங்கள் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் வைத்துக்கொண்டு அவர்கள் காலில் ஊற்றுவோம். கேட்பவர்களுக்கு வேறு குடத்திலிருந்து குடிக்கக் கொடுப்போம். எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. பல் விளக்குவதைப் போல ஒரு காரியம். இதற்குச் சான்றிதழ் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மாவுக்கே வெட்கமாக இருந்தது.

"தண்ணி ஊத்துனதுக்கு எழுதிக் குடுங்கன்னு போய்க் கேப்பியாக்கும்?" என்றாள்.

கல்லூரியில் இப்படி ஏதாவது கேட்பார்கள் என்று பள்ளியில் பேச்சு இருந்ததால் போய்க் கேட்டிருந்தேன். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முந்தின நாளே தலைமையாசிரியை எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளித் தாளில், தன் கையாலேயே, ஆறு வரி. கீழே கையெழுத்து, முத்திரை, ஏப்ரல் 1960. அவருக்கு எழுத்து சிறியது. தாளில் முக்கால் பாகம் வெறுமையாக இருந்தது. அதை ஒரு நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் படம் வரைகிற வேலை. தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள், காலண்டர் என்று எல்லாம் அவர் கையால் வரும். மயிலும் கிளியும் யானையும் போட்டுப் போட்டு, வெற்றுத் தாளைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டின் ஓரத்தில்கூட ஒரு கொடி வரைந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். தலைமையாசிரியையின் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"என்னக்கா இது, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. இதக் கொண்டு போய் மதுரைக்காரி முன்னால நீட்டுனா, நம்ம பிள்ள மூணு வருசம் செஞ்சது மூணு நாள் மாதிரில்ல தெரியும்?"

எனக்கும் அதே பயம் இருந்ததால் நான் தடுக்கவில்லை. இதை இங்கே எழுதிவிட வேண்டும். மாமா மேல் மட்டும் பழி போட்டுத்தான் இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாகச் சொல்லிவருகிறார்கள். தாளை அவர் கையில் கொடுத்தவள் நான்.

அடுத்த ஞாயிறு திரும்பி வந்தபோது பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு கட்டை மேசைமேல் வைத்தார். பிரித்தால் நூறு சான்றிதழ்கள். எல்லாம் ஒன்றுபோல. நான்கு மூலையிலும் தாமரை. மேலே தீபம், அதன் இரு பக்கமும் தும்பிக்கையைத் தூக்கிய இரண்டு யானைகள். சுற்றிலும் தங்கநிற விளிம்பு. தலைமையாசிரியையின் ஆறு வரியும் பெரிய எழுத்தில் நடுவில். கீழே அவருடைய கையெழுத்து அப்படியே, கோடு பிசகாமல். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மேலே இருந்த தாளில் என் பெயரைத் தன் கையால் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதைவிட அழகாக என் பெயர் அதற்குப் பிறகு எங்கும் எழுதப்படவில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் இல்லை.

எதற்கு நூறு என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணுக்காக மிஷினை ஓட்ட முடியாதுல்ல அத்தான். அடுத்த வருசக் காலண்டருக்குப் பெரிய தாள் ஓடிட்டு இருந்துச்சு. ஓரத்துல ஒரு சாண் எடம் சும்மா கெடந்தது. முதலாளிகிட்டச் சொல்லிட்டு அதுல சேத்து விட்டுட்டேன்."

பழைய தாள் எங்கே என்று கேட்டேன். மாமா கொஞ்சம் தயங்கினார். கையெழுத்தைப் பார்த்து நகலெடுக்கும்போது அதன்மேல் பசை கொட்டிவிட்டது, பிறகு மை, பிறகு யாரோ அதில் கை துடைத்துவிட்டார்கள் என்றார். இனி அது எதற்கு, அதிலிருந்ததெல்லாம் இதில் இருக்கிறதே என்றார். அம்மா என் பெயர் எழுதிய தாளைச் சாமி படத்துக்குமுன் வைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். புது நோட்டுக்கும் புதுத் துணிக்கும் செய்வதைப் போலத்தான். நாங்கள் நால்வரும் அதை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தோம். யாரும் தேதியைப் பார்க்கவில்லை.

நேர்காணல் ஜூன் முதல் வாரம், புதன்கிழமை. பள்ளிகள் திறக்க அப்போது இன்னும் சில நாட்கள் இருந்தன. கடையை விட்டுவிட்டு அப்பா வர முடியாததால் மாமா ஒருநாள் லீவு போட்டு என்னைக் காலைப் பாசஞ்சரில் கூட்டிப் போனார். சான்றிதழ் கசங்கக் கூடாதென்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மதுரை வரை மடியிலேயே வைத்திருந்தார்.

கல்லூரி முதல்வருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, நிதானமான குரல். பக்கத்தில் இரண்டு பேராசிரியைகள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்கள். தமிழில் ஒரு பத்தி படிக்கச் சொன்னார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு முதல்வர் அட்டைகளைப் பிரித்தார்.

யானைகளைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். தாளைத் திருப்பி வெறுமையான பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பிக் கீழே வந்து நின்றுவிட்டார். தாளை மேசைமேல் வைத்து என் பக்கமாகத் தள்ளினார். அவருடைய விரல்நுனிகளில் தங்கப்பொடி மின்னியது.

"இதுல போட்டிருக்கிற தேதியைப் படிம்மா," என்றார்.

படித்தேன். ஏப்ரல் 1961.

நடந்துகொண்டிருந்தது 1960 ஜூன். என் தலைமையாசிரியை, இன்னும் வராத பங்குனியில் நான் தண்ணீர் ஊற்றியதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. இதை அச்சடித்தது யார் என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். எங்கே என்று கேட்டபோது, வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார் என்றேன். கூப்பிடச் சொன்னார்.

மாமா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். முதல்வர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தாளை அவரிடம் காட்டினார்கள். தேதியைப் பார்த்ததும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"தப்பு பிள்ள மேல இல்லீங்கம்மா. எங்க ஆபீஸ்ல ரெண்டு மாசமா அடுத்த வருசந்தான் நடக்குது. ஆடிப் பெருக்குக்குக் காலண்டர் சாம்பிள் எல்லாம் வெளிய வந்தாகணும். காலையில கதவத் தொறந்தா அறுபத்தொண்ணு, ராத்திரி பூட்டிட்டு வீட்டுக்கு வந்தாத்தான் அறுபது. கை தன்னால போட்டுருச்சு."

ஒரு பேராசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு புரிந்தது. முதல்வர் சிரிக்கவில்லை. அசல் எங்கே என்று கேட்டார். பசை, மை, கை துடைத்தது எல்லாவற்றையும் மாமா ஒளிக்காமல் சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய்யைப் போலவே கேட்டது. அடுத்தவர் கையெழுத்தை இப்படி அச்சில் போடுவது எத்தனை பெரிய தவறு என்று முதல்வர் கேட்டபோது, மாமா உண்மையாகவே திகைத்தார். ஊரிலுள்ள கம்பெனிகளின் கையெழுத்தையெல்லாம் லேபிளில் போடுவது அவருக்குத் தினசரி வேலை. அச்சில் ஏறினால்தான் ஒரு பெயர் நிற்கும் என்று நம்பி வளர்ந்த ஊர் அது.

மாமாவை வெளியே அனுப்பிவிட்டு, முதல்வர் சான்றிதழைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தத் தாள் இல்லைன்னு வச்சுக்கோ. அரிசி வாங்கிட்டு வந்து என்ன பண்ணுவீங்க?"

தரம் பிரிப்போம் என்றேன். எதற்கு என்றார். நாற்பது வீட்டு அரிசியும் ஒரு பையில் விழும். அதில் பச்சரிசியும் புழுங்கலும் பழசும் புதுசும் கலந்திருக்கும். அப்படியே உலையில் போட்டால் பாதி குழைந்து பாதி வேகாமல் நிற்கும். முதல் வருடம் அப்படித்தான் போட்டோம். பிள்ளைகள் வேகாத அரிசியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார்கள். அதற்குப் பிறகு பச்சரிசி போடுகிற வீட்டுக்கு ஒரு பை, புழுங்கல் வீட்டுக்கு ஒரு பை என்று இரண்டு பை கொண்டுபோனோம். எந்த வீடு எந்த அரிசி என்பது எனக்கு மனப்பாடம். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். வேறு எதைப் பற்றியும் அங்கே அவ்வளவு பேசவில்லை. முதல்வர் தன் நோட்டில் ஏதோ ஒரு சொல் எழுதினார். ஒரே ஒரு சொல்தான். எனக்குத் தலைகீழாகத் தெரிந்ததால் படிக்க முடியவில்லை.

"சனிக்கிழமை காலைல லிஸ்ட் ஒட்டுவோம். அதுக்குள்ள உங்க தலைமையாசிரியை கைப்பட ஒரு கடிதம் வரணும். வரலைன்னா, இந்தத் தாளோட வந்த பொண்ணை நான் எடுக்க முடியாது."

திரும்பும் ரயிலில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அட்டைகளை மடியில் வைத்திருந்தார். நடுவில் தாள் இல்லை. அதை முதல்வர் தன்னிடமே வைத்துக்கொண்டார். திருமங்கலம் தாண்டியதும், அத்தானிடம் நான்தான் சொல்வேன் என்றார். சொன்னார். அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, கடிதம் கேட்டுப் போவது சீட்டுக்கு வாசலில் நிற்பதாகுமா என்று கேட்டார். அது ஆகாது, அது எங்கள் தவறைத் திருத்துவது என்றார் மாமா. அப்பா தலையசைத்தார்.

தலைமையாசிரியை விடுமுறைக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். ஊர் அச்சங்குளம். வியாழக்கிழமை காலை சாத்தூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பருத்தி ஏற்றப்போன ஒரு வண்டியில் இடம் கேட்டு ஏறிப் போனோம். தலைமையாசிரியை அண்ணன் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பருத்தியில் ஒட்டிய சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளியில் அவரைக் கஞ்சி போட்ட சேலையில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு, தலையில் பஞ்சோடு பார்ப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டிருந்தது.

மாமா கட்டிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தார். கொடுக்கக் கை வரவில்லை. நான்தான் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, தன் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தேதியைப் பார்த்தார்.

"அடுத்த வருசம் இந்தப் பள்ளிக்கூடத்துல நான் இருப்பேனான்னே எனக்குத் தெரியாது. நீங்க இப்பவே கையெழுத்து வாங்கிட்டீக," என்றார் மாமாவிடம்.

மாமா மன்னிப்புக் கேட்டார். இனி யார் கையெழுத்தையும் தொடமாட்டேன் என்றார். லேபிளில் எப்படி வேலை பார்ப்பீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதும் மாமாவுக்கு மூச்சு வந்தது.

அங்கே பள்ளித் தாள் இல்லை. முத்திரையும் இல்லை. அண்ணன் மகனின் கோடு போட்ட நோட்டிலிருந்து நடுத்தாள் ஒன்றை எடுத்தார். இந்த முறை ஆறு வரியில் நிற்கவில்லை. எழுதி முடித்து, மை காயும்வரை பிடித்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நடுவில் ஒரு வரி இப்படி இருந்தது: மூன்று ஆண்டுகளில் நான்கு வெள்ளிக்கிழமைகள் இவள் வரவில்லை, ஒன்று அம்மை போட்டிருந்தபோது, மற்ற மூன்றுக்குக் காரணம் சொல்லவில்லை.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த மூன்றும் மழை நாட்கள், எழுந்திருக்கச் சோம்பல். அதை எழுதத்தான் வேண்டுமா டீச்சர் என்று கேட்டேன்.

"அவுக இப்ப உன்னச் சந்தேகப்படுறாக. நல்லதா மட்டும் எழுதிக் குடுத்தா இதுவும் அச்சடிச்சதுன்னுதான் நெனப்பாக."

கிளம்பும்போது, மிச்சம் எத்தனை தாள் இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டார். இதையும் சேர்த்துத் தொண்ணூற்றொன்பது என்றார் மாமா. பள்ளி திறந்ததும் கொண்டுவந்து கொடுங்கள், நல்ல தாளை வீணாக்கக் கூடாது என்றார்.

மாமா அன்று வீட்டுக்கு வரவில்லை. சாத்தூரில் என்னை விருதுநகர் பஸ்ஸில் ஏற்றி, எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடிதத்தோடு மதுரை பஸ் ஏறினார். தபாலை நம்பவில்லை. கல்லூரி அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்குப் போய், முதல்வர் கையிலேயே கொடுத்தாராம். அவர் அங்கேயே நின்று படித்தாராம். நான்கு வெள்ளிக்கிழமை வரியில் சிரித்தார் என்று மாமா சத்தியம் செய்தார். மாமா எதையும் இருப்பதைவிட அதிகமாகவே வரைகிறவர் என்பதால் நான் அதை முழுதாக நம்பவில்லை.

சனிக்கிழமை பட்டியலில் என் பெயர் இருந்தது. விடுதியும் கிடைத்தது. அப்பா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டி எந்த அளவில் வேண்டும் என்று கேட்டார்.

இதோடு முடித்திருந்தால் தொண்டுக்கு மதிப்பு உண்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஆகஸ்டில் கல்லூரி அலுவலகத்து எழுத்தர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். முதல் பட்டியல் நேர்காணலுக்கு முன்பே மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தட்டச்சு செய்யப்பட்டுவிட்டதாம். என் பெயர் அதில் முதலிலிருந்தே இருந்ததாம், கணக்கு மதிப்பெண்ணோடு சேர்த்தே. நேர்காணல், யார் பெயரையாவது அடிக்க வேண்டுமா என்று பார்ப்பதற்கு. அதாவது பதினொன்றாவது கேள்வி எனக்கு இடம் வாங்கித் தரவில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்த இடத்தை நாங்கள்தான் யானைகளையும் தாமரைகளையும் கொண்டுபோய்ப் பறிகொடுக்கப் பார்த்தோம். நான்கு கோடுகளையும் வெறுமையாக விட்டிருந்தால் புதன்கிழமையே எல்லாம் முடிந்திருக்கும். மாமாவிடம் இதை நான் சொல்லவேயில்லை.

முதல்வர் நோட்டில் எழுதிய சொல் என்ன என்பதும் அந்த மாதமே தெரிந்தது. விடுதிச் சமையலுக்கு மாணவிகள் குழு ஒன்று போட்டார்கள். யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று விடுதிக் காப்பாளர் முதல்வரின் நோட்டைப் பார்த்துப் படித்தார். என் பெயருக்கு எதிரே "அரிசி" என்று இருந்தது. நான்கு வருடமும் அந்த விடுதியில் மூட்டை பிரிக்கும்போதெல்லாம் கூப்பிடுவது என்னைத்தான்.

எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் முதலில் தேதியைப் பார்க்கிற வழக்கம் அன்று தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, பழைய கடிதம் எதுவானாலும் அப்படித்தான். ஊர் விஷயங்களைத் தேதி போட்டு எழுதிவைக்க ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

தோழிக்கு அந்த ஆவணியில் கல்யாணம் ஆனது. அவள் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கவில்லை. கேட்டிருந்தால் அவள் வீட்டில் அனுப்பியிருப்பார்களா என்றும் தெரியாது. மாமா, கட்டைப் பள்ளியில் கொடுக்குமுன் எடுத்துவைத்திருந்த தாள் ஒன்றில் அவள் பெயரையும் அதே சிவப்பு மையில் எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று கூப்பிட்டது அவள்தானே. புகுந்த வீட்டில் அதைச் சுவரில் மாட்டியிருந்தாள். தேதி தப்பு என்று நான் சொன்னபோது, "உனக்குத்தாம்ளா அது தப்பு. நான் இத யார்கிட்டயும் காட்டப் போறதில்ல," என்றாள்.

மிச்சக் கட்டு பள்ளி பீரோவில் கிடந்தது. 1961 ஏப்ரல் வந்தது. பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த நான் பள்ளிக்கும் போனேன். தலைமையாசிரியை மேசையில் அந்தத் தாள்கள் பரப்பிக் கிடந்தன. அந்த வருடம் அரிசி வாங்கிய பெண்களுக்கும் பந்தலில் நின்ற பெண்களுக்கும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். தேதி இப்போது சரி. கையெழுத்தும் அவருடையதுதான், அச்சிலிருந்ததன் பக்கத்திலேயே பேனாவால் இன்னொன்றும் போட்டார். ஒரே சிக்கல், ஆறு வரியில் மூன்றாண்டுகள் என்று அச்சாகியிருந்தது. அதைச் சிவப்பு மையில் அடித்து, ஒருத்திக்கு ஒன்று, ஒருத்திக்கு இரண்டு என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். தங்க விளிம்புக்கு நடுவே அந்த அடித்தல்கள் அசிங்கமாகத்தான் இருந்தன. மாமா பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

அந்த ஜூனில் நான் பி.ஏ. முதல் வருடம். நேர்காணலுக்கு வரும் பெண்களை வராந்தாவில் வரிசையாக உட்காரவைக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி இரண்டு அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்க் கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தால் அழுத மாதிரி இல்லை.

அடுத்தவளை அனுப்பக் கதவருகே போனபோது முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்ட இடத்தில், மூக்கின்மேல் ஒரு கீற்றுத் தங்கப்பொடி ஒட்டியிருந்தது.

"இந்த வருசம் தேதி சரியா இருக்கு," என்றார்.